காட்டிய இடம்

காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும் இரண்டு வேலைகளா, ஒன்றேதானா? சேக் பரீதின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் வந்து நின்றது. அவர் மனைவி ஜொஹராவுக்கு இன்றும் பதில் தெரியாது.

அவர் பதினெட்டு வருஷம் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர். சைகோன், ஜிபுத்தி, மர்சேய் என்று எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே கண்ட பறவையையும் சேர்த்துத்தான் சொல்வார். கூட இருந்தவர்கள் துறைமுகங்களில் சேலையும் சென்ட்டும் வாங்க, இவர் ஒரு தொலைநோக்கி வாங்கினார். காது மந்தமாகி 1974இல் காரைக்காலுக்குத் திரும்பியபின், புதுச்சேரியிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர்களை உப்பங்கழிகளுக்கு அழைத்துப்போய்ப் பறவை காட்டுவது தொழிலாயிற்று. பெற்ற பிள்ளைகளிடம் காட்டாத பொறுமையை உள்ளானிடம் காட்டுகிறாரே என்பது ஜொஹராவின் குறை. நியாயமான குறைதான்.

உள்ளான் கைக்குள் அடங்கும் பறவை. ருஷ்யாவின் வடகோடியிலிருந்து வந்து நம் சேற்றில் இரை தேடும். “கம்பாசு இல்லாம வருது பாரு. நாங்க அத வச்சிக்கிட்டே தடுமாறுனோம்” என்பார்.

1983 மார்கழியில், போலகத்துக்குக் கிழக்கே ஒரு கழியில் அவை ஆயிரக்கணக்கில் இறங்குவதைக் கண்டார். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களை மட்டும் மருதையனின் வாடகைக் காரில் மூன்று முறை கூட்டிப்போனார். கார் ஓட்டுகிறவனுக்கும் கண் உண்டு என்பதை மறந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து மருதையனின் அக்கா காசியம்மா கூடையோடு வாசலில் நின்றாள்.

“உசுரோட இருக்கு ராத்தா. செத்தத நீங்க வாங்க மாட்டீங்கல்ல. பிஸ்மி சொல்லி நீங்களே அறுத்துக்கங்க.”

ஜொஹரா குனிந்து பார்த்தாள். கூடை நிறைய உள்ளான். ஒரு சத்தமும் இல்லை. துள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் இமையையும் அதன் இறகின் காம்பாலேயே தைத்திருந்தார்கள்.

பரீது வெளியே வந்தார். காசியம்மா சிரித்தாள். “பாய் காட்டிக்குடுத்த எடந்தான். ஒரே வலையில எரநூறு. பாய் வெரல நீட்டுனா பொய்க்காதுன்னு தம்பி சொல்லுவான்.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

கூடையோடு வாங்கினார். கொல்லையில் உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கண்கள் சீழ் வைத்திருந்தன. ஒன்றும் பறக்கவில்லை. பிஸ்மி சொல்லி எல்லாவற்றையும் அறுத்தார். ஜொஹரா சமைத்தாள். அவரும் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க எட்டு வெள்ளைக்காரர்கள் வருவதாக இருந்தது.

“வேற எடம் காட்டுங்களேன்” என்றாள் ஜொஹரா.

“வேற எடத்துலயும் பறவதானே இருக்கும்.”

வெள்ளியும் சனியும் விடியலில் சுபுஹு தொழுததும் சைக்கிளில் பட்டாசுக் கட்டுகளைக் கட்டிக்கொண்டு அந்தக் கழிக்குக் கிளம்பினார். கைலியெல்லாம் சேறும், கருகிய விரல்களுமாகத் திரும்பினார். வெடிச் சத்தத்துக்கு உள்ளான் கூட்டம் தெற்கே போய்விட்டது, பாய்க்கு மூளை கலங்கிவிட்டது என்று போலகத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறன்று உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் ஜொஹரா நினைத்தாள். அவரோ சலவைச் சட்டை போட்டு, தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு, மருதையன் காரிலேயே ஏறினார். எட்டுப் பேரையும் அதே கழிக்குக் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார். அவ்வளவு நேரமும், துணி சுற்றிய விரலை வெறும் தண்ணீரை நோக்கி நீட்டியபடி நின்றார்.