அக்காவின் காட்டில் வந்த தண்ணீர்

விருதுநகரில் ஒரு கம்பெனியில் எனக்கு நிலத்தடி நீர் பார்க்கும் வேலை. போர் போடுவதற்கு முன்னால், எந்த இடத்தில் போடலாம் என்று பார்த்து அடையாளம் வைத்துக் கொடுப்போம். சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்துதான் அதிகம் கூப்பிடுவார்கள். படித்தது நிலவியல். அக்காவின் காட்டில் அது நடக்கும் வரைக்கும் அந்தப் படிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை இருந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது அச்சங்குளத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில். அங்கே காடு என்றால் மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிற நிலம். தொடர்ந்து மழை ஏமாற்றியதும் அத்தான் போர் போடுவதென்று முடிவு செய்தார். அக்கா வேறு யாரையும் விசாரிக்க விடவில்லை. "என் தம்பி இருக்கையில வெளியாள் எதுக்கு?" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

நான் கருவியோடு போய் இறங்கியபோது காட்டில் ஒரு சிறு கூட்டமே நின்றது. கரிசல் மண் மேலே ஒரு போர்வை மாதிரிதான், கீழே இருப்பது கெட்டிப் பாறை, அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்கு விளக்கினேன். இரும்புக் கம்பிகளை நிலத்தில் அடித்து மின்சாரம் செலுத்தினால் காய்ந்த பாறை அதைத் தடுக்கும். ஈரமிருந்தால் விட்டுவிடும், கருவியில் எண் குறையும்.

"அப்ப நம்பர் எறங்குனா தண்ணியா மாப்ளே?" என்று அத்தான் கேட்டார்.

"ஆமா அத்தான்."

அது முழுப் பதில் இல்லை. களிமண் இருந்தாலும் எண் இறங்கும். உப்பு நீர் இருந்தால் இன்னும் நன்றாக இறங்கும். அதையும் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

வடக்கு மூலையில் எண் சடாரென்று இறங்கியது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு அளவை நான் அதிகம் பார்த்ததில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. வேலியோரம் கைவிட்ட கிணறு ஒன்று இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. உள்சுவர்க் கற்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து, சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, "இங்கன போடுங்க" என்றேன்.

போர் வண்டி வந்த அன்று மதியம் வரை கல்பொடிதான் பறந்தது. பிறகு பொடி சேறாகி, சேறு தண்ணீராகி, குழாய் வாயிலிருந்து ஆள் உயரத்துக்கு எழும்பியது. அக்கா அழுதுவிட்டாள். அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். பக்கத்துக் காட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க காட்டுக்கும் ஒரு எடம் பாத்துக் குடுங்க தம்பி" என்றார். "கண்டிப்பா பாக்கலாம்ணே" என்றேன்.

அக்காதான் முதலில் கையில் ஏந்திக் குடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் ஒரு கணம் சுருங்கிப் பழையபடி ஆனது.

"புதுத் தண்ணில்லா, கல்லு ருசி இருக்கத்தான் செய்யும்" என்றாள்.

அத்தானும் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். "ரெண்டு நாள் ஓடுனா தெளிஞ்சிரும்."

நானும் ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. கலங்கல்தான் ஓடினால் தெளியும். ஆழத்தில் பாறையோடு கிடந்து ஊறிய உப்பு எங்கே தெளியப் போகிறது? தெரிந்தும், "ஆமா, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

ஒரு பாட்டிலில் பிடித்துப்போய் ஆபீசில் சோதித்தேன். மிளகாய்க்கு ஆகவே ஆகாத தண்ணீர். அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொன்னேன்.

"உனக்கு என்னலே தெரியும்? பூமிக்குள்ள போயா பாத்துட்டு வர முடியும்?" என்றாள் அக்கா.

"பாக்க முடியும்க்கா. அதுக்குத்தான என்னைக் கூப்பிட்டீங்க. நம்பர் அம்புட்டு எறங்குனப்பவே நான் யோசிச்சிருக்கணும். அந்தக் கெணத்துத் தண்ணிய ஒரு வாய் வச்சுப் பாத்திருக்கணும்."

அத்தான் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சரி, இத வெளிய சொல்லாத மாப்ளே. உன் பொழப்பு கெட்டுரும்" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். இதற்கு எழுந்து வரவும் முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். "தம்பி வந்திருக்கீகன்னு சொன்னாக. நம்ம காட்டுக்கு எப்ப வாறீக?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு என்று சொன்னேன், என் தவறு என்றும் சொன்னேன். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர், "நல்லவேளை சொன்னீக" என்று சொல்லி, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை அக்கா பொறுத்திருந்தாள். "எங்ககிட்ட சொன்னது பத்தாதாலே? ஊரு பூரா உன்னப் பத்திப் பேசி வச்சிருக்கேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொளாயடிக்குப் போவேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் என் கூச்சம் குறையும் என்று நினைத்திருந்தேன். அதில் பாதியை அவள் தலையில் ஏற்றியிருந்தேன்.

அந்தச் சீசனில் அத்தான் மிளகாயை விட்டுவிட்டுப் பருத்தி மட்டும் போட்டார். பருத்தி கொஞ்சம் உப்பு தாங்கும். ஓரளவு வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வேறு ஆளை வைத்து இடம் பார்த்துக்கொண்டார். வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. போனால் எனக்குக் கேன் தண்ணீர்தான் தருகிறார்கள்.

போன முறை சொல்லாமல் போய் நின்றேன். அக்கா கொல்லையில், காட்டிலிருந்து கொண்டுவந்த அந்தப் போர்த் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தும் சோப்பு நுரைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாளியைக் காலால் மெல்லச் சுவர் பக்கம் நகர்த்திவிட்டு, "சாப்பிட்டயாலே?" என்று கேட்டாள்.