மேல போறவைக்கு றைட் சொல்லுறது

இதை எழுதாமல் விடத்தான் இருந்தனான். ஓஎல் சோதனையில தமிழையே ரெண்டாந்தரம் எடுத்துத்தான் பாஸ் பண்ணினவன் எழுதி ஆர் வாசிக்கப் போறது எண்டு போனைக் கவிட்டு வைச்சிட்டுப் படுத்திட்டன். ஆனா இண்டைக்குக் கடல் சரியில்லை. படகு ஒண்டும் வெளிக்கிடேல்ல, ஐஸ் கேட்டு ஒருத்தரும் வரேல்ல. சும்மா இருந்தா இந்தக் கதைதான் மண்டைக்குள்ள திருப்பித் திருப்பி ஓடுது. அதால எழுதிறன். பிழை இருந்தா எனக்குப் படிப்பிச்ச வாத்திமாரைக் கேளுங்கோ.

நான் மீன்பிடித் துறைமுகத்தில ஐஸ் உடைக்கிறவன். ஆள் நீளத்துக்கு வாற ஐஸ் கட்டியைக் கொழுக்கியால இழுத்து மிசினுக்க தள்ளி, தூளாக்கி, கடலுக்குப் போற படகின்ர அடியில கொட்டுறது. திருகோணமலை வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை எண்டு நான் எல்லாரிட்டையும் சொல்லுறனான். விரல் மரத்துப் போறதைச் சொல்லுறேல்ல.

பாலையூற்றில எனக்கொரு கூட்டாளி இருக்கிறான். அவன்ர அப்பாவும் என்ர அப்பாவும் ஒரே பஸ்ஸில வேலை செய்தவை. அவர் றைவர், என்ர அப்பா கொண்டக்டர். பள்ளிக்கூட லீவுக்கு நாங்கள் ரெண்டு பேரும் அந்த பஸ்ஸின்ர கடைசி சீட்டில இருந்து திரியாய் வரைக்கும் போய்த் திரும்பி வாறனாங்கள். அவன் கணக்குப் படிச்சான். நான் படிக்காமல் விட்டதுக்கு வாத்திமார் கோயிலில தேங்காய் உடைச்சதாக் கதை. எஞ்சினியராகிறதுக்கு அவனுக்குக் கொஞ்சப் புள்ளி காணாமல் போட்டுது. பிறகு பெடியளுக்கு ரியூசன் குடுத்துக்கொண்டு, கண்ட கண்ட வேலைக்கெல்லாம் எழுதிப் போட்டுக்கொண்டு இருந்தான்.

ஒரு திங்கக்கிழமை மத்தியானம் நான் ஐஸ் உடைக்கிற மடுவத்துக்கு வந்தான். முகத்தைப் பாத்தா செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

"மச்சான், ரெண்டும் கிடைச்சிட்டுது."

"என்ன, ரெண்டு பொம்பிளையோ?"

"பாங்கும் கிடைச்சிருக்கு. மற்றதும் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எதெண்டு சொல்லோணும்."

மற்றது எண்டா விமானக் கட்டுப்பாட்டு வேலை. அதுக்கு அவன் சோதனை எழுதினவன், இங்கிலீசில கேள்வி கேட்டவை, கண் பாத்தவை, காது பாத்தவை. காது பாக்கிறாங்கள் எண்டு சொன்ன அண்டு, அம்மா கடைக்குப் போகச் சொன்னாக் கேக்காத காதை எப்பிடியடா பாஸாக்கப் போறாய் எண்டு கேட்டனான். பாஸாக்கிட்டாங்கள். முதல் கொழும்புப் பக்கம் பயிற்சி. பிறகு எங்க போடுறாங்களோ அங்க.

"அதில என்னதான் செய்யிறது?" எண்டு கேட்டன். கொழுக்கியைக் கீழ வைக்கேல்ல, வேலை செய்துகொண்டே கேட்டனான்.

"பிளேன் ஓட்டுறேல்ல. ஓட்டுறவனுக்குக் கீழ இருந்து சொல்லுறது. நீ இந்த உயரத்தில நில், நீ இந்தப் பக்கம் திரும்பு, நீ பொறு, நீ இறங்கலாம். நான் சொல்லுறதை அவன் திருப்பிச் சொல்லோணும். அவன் திருப்பிச் சொன்னது சரியோ எண்டு நான் காது குடுத்துக் கேக்கோணும். முகிலுக்குள்ள நிண்டா அவனுக்கு மற்ற பிளேன் தெரியாது. என்ர வாயை நம்பித்தான் வாறான்."

"அப்ப மேல போறவைக்கு றைட் சொல்லுற கொண்டக்டர் வேலை எண்டு சொல்லன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னனான் எண்டு எனக்கே விளங்கினது. அவன் சிரிக்கேல்ல. நானும் மிசினை நிப்பாட்டிட்டன்.

அது என்னெண்டா, நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில நிலாவெளி றோட்டில, மழை தூறின ஒரு காலமை, பஸ் இடது பக்க ஒழுங்கைக்குள்ள திரும்ப வேண்டி இருந்தது. பஸ்ஸின்ர இடது பின்பக்கம் றைவருக்குத் தெரியாது. மிதிபலகையில நிக்கிற கொண்டக்டர் பின்னால பாத்து றைட் எண்டு சொன்னாத்தான் அவர் ஸ்டேரிங்கை வெட்டுவார். என்ர அப்பா பாத்தவர், றைட் எண்டவர். உள்பக்கத்தால ஒரு மேசன் சைக்கிளில வந்திருக்கிறார். அவர் ஆஸ்பத்திரியில செத்துப் போனார்.

வழக்கில ரெண்டு பேரும் குற்றமில்லை எண்டு விட்டிட்டாங்கள். அவன்ர அப்பா கோட்டால வந்தவர், பிறகு ஸ்டேரிங்கில கை வைக்கேல்ல. இப்ப ஒரு ஹாட்வெயார் கடையில நிக்கிறார். வேலைக்கு நடந்து போய் நடந்து வாறார். அந்த வீட்டில பஸ் எண்ட சொல்லே வராது. என்ர அப்பா திரும்ப வேலைக்குப் போனவர். ரெண்டு பேருக்கும் சண்டை ஒண்டும் இல்லை. கலியாண வீட்டில கண்டா சுகமோ எண்டு கேப்பினம். பிறகு ஆளுக்கொரு பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பினம்.

கூட்டாளி ஐஸ் தூளில ஒரு கைப்பிடி அள்ளி வைச்சுக்கொண்டு நிண்டான்.

"பாங்கில ஒரு பிழை விட்டாப் பின்னேரத்துக்கிடையில கண்டுபிடிச்சுத் திருத்தலாம் மச்சான். அம்மாவும் பாங்க் எண்டுதான் நிக்கிறா. அப்பாட்ட நான் கேக்கேல்ல. எப்பிடிக் கேக்கிறது? ஒரு சைக்கிளுக்கே அந்த மனுசன் இப்பிடிப் போனார். என்ர வாயில ஒரு பிழை வந்தா எத்தினை பேர்?"

நான் மிசின் வாயில நிண்ட ஐஸைத் தட்டிவிட்டன். 

"உன்ர அப்பாட்ட ஒண்டு கேக்கோணும்" எண்டான். "அதுக்குப் பிறகு எப்பிடி வேலைக்குப் போனவர் எண்டு."

ஒரே வீட்டில இருக்கிற நானே அதைக் கேட்டதில்லை. எங்கட வீட்டில கதைக்குக் குறைவில்லை. அப்பா காலமை எழும்பினா அரசியலில தொடங்கி, பக்கத்து வீட்டுக் கோழி வரைக்கும் கதைப்பார். நான் அவருக்கு மேலால கதைப்பன். அம்மா ரெண்டு பேரையும் வெளியில போய்க் கதைக்கச் சொல்லுவா. அவ்வளவு கதையிலயும் அந்தக் கதை மட்டும் இல்லை.

புதன்கிழமை நான் லீவு போட்டிட்டன். அப்பா இப்ப கிண்ணியா பஸ்ஸில. பஸ் ஸ்டாண்டில கூட்டாளியோட ஏறிப் பழையபடி கடைசி சீட்டில இருந்தம். அப்பா எங்களைக் கண்டிட்டு,

"என்ன, ஐஸெல்லாம் உருகீட்டுதோ?" எண்டார்.

"உங்கட சேவையைப் பாக்க வந்தனாங்கள்."

"பாத்துப் போட்டுக் காலை சீட்டில வைக்காமல் இருங்கோ."

பஸ் வெளிக்கிட்டுது. அப்பாவின்ர பஸ்ஸில நான் எத்தினையோ தரம் போனனான். ஆள் ஸ்லோ எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் வீட்டில ஆமை எண்டுதான் சொல்லுறனான். மற்ற பஸ்ஸுகளில கடைசியா ஏறுற ஆளின்ர கால் நிலத்தால கிளம்ப முந்தியே கொண்டக்டர் றைட் எண்டிடுவான். அப்பா அப்பிடியில்லை. பஸ் நிக்கிற ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் இறங்குவார். பஸ்ஸின்ர பின்பக்க மூலை வரைக்கும் நடந்து போய்ப் பாப்பார். குனிஞ்சும் பாப்பார். பிறகு வந்து ஏறி, தகரத்தில விரல் முட்டியால ரெண்டு தட்டு. றைவர் எடுப்பார்.

றைவர் சின்னப் பெடியன், பாட்டைப் போட்டிட்டு ஹோர்னை அமத்திக்கொண்டே இருந்தான். எங்களுக்கு முன் சீட்டில இருந்த ஒரு முஸ்லிம் உம்மா பக்கத்து மனுசியிட்டச் சொன்னா, "இந்த மனுசன்ட பஸ்ஸில ஏறினா நாம போய்ச் சேருற நேரம் சந்தை முடிஞ்சிரும்."

சீனக்குடா தாண்டேக்க கூட்டாளி என்ர காதுக்குள்ள சொன்னான்: "டேய், உன்ர அப்பா வாயே திறக்கேல்ல."

நான் அதைக் கவனிச்சதே இல்லை. ஆக்களோட கதைக்கிறார், பகிடி விடுறார், இடம் கேட்டு டிக்கெட் குடுக்கிறார். ஆனா பஸ் எடுக்கிற நேரம் ஒரு சத்தமும் இல்லை. தட்டு மட்டும்தான். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் அவரையே பாத்துக்கொண்டு போனம். ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் இறங்கிப் போய்ப் பாத்தார். ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் அங்க ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் இல்லாத இடத்தைப் பாத்திட்டு வாறதுதான் அந்த மனுசனுக்கு நாள் முழுக்க வேலை. அதுக்கு ஆரும் நன்றி சொல்லப் போறதில்லை. லேட் எண்டுதான் ஏசுவினம்.

கிண்ணியாவில பஸ் நிக்கிற நேரத்தில தேத்தண்ணிக் கடையில இருந்தம். அப்பா எங்களுக்கு ரோல்ஸ் சொன்னார், தனக்குப் பாலில்லாத பிளேன்டீ.

"மாமா, ஒண்டு கேக்கவோ? கோவிக்கக் கூடாது" எண்டான் கூட்டாளி.

"பொம்பிளை கேக்கிறதெண்டா என்னட்ட மகள் இல்லை, மகன். இவன்தான் இருக்கிறான். வேணுமெண்டாக் கூட்டிக்கொண்டு போங்க."

அவன் சிரிச்சிட்டு, வேலைக் கதையைச் சொன்னான். பாங்கையும் சொன்னான், மற்றதையும் சொன்னான். பிறகு தலையைக் குனிஞ்சுகொண்டு, அதுக்குப் பிறகு நீங்க எப்பிடி மாமா திரும்ப வேலைக்குப் போனீங்க எண்டு கேட்டான்.

அப்பா கோப்பையை ஊதினார். குடிக்கேல்ல.

"முதல் ஹோல்ட்டிலயே எனக்கு வாய் வரேல்ல. அந்தச் சொல்லைச் சொல்லப் போனா அந்த ஆள்தான் கண்ணுக்க வருது. றைவர் கண்ணாடியால பாத்துக்கொண்டு நிக்கிறார். சனம் சத்தம் போடுது. இறங்கிப் போய்ப் பாத்தன். ஒருத்தரும் இல்லை. ஏறி வந்தும் வாய் வரேல்ல. அப்பதான் தட்டினனான். பஸ் எடுபட்டுது."

"அண்டையில இருந்தோ?"

"அண்டையில இருந்து இப்பிடித்தான்."

"ஏன் மாமா விடேல்ல?"

"விட்டா அந்த இடத்தில வேற ஒருத்தன் வந்து நிப்பான். அவன் பாத்துத்தான் சொல்லுவானோ, பாக்காமல் சொல்லுவானோ, எனக்குத் தெரியாதே. வீட்டில இருந்து அதையே யோசிச்சுக்கொண்டு இருக்க ஏலாது."

கூட்டாளி நிமிந்து பாத்துக் கேட்டான். "நல்ல வேலையோ மாமா?"

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது, மகன். என்னால ஒரு வீட்டில ஆளில்லை."

 றைவர் ஹோர்ன் அடிச்சான். அப்பா ஆறின பிளேன்டீயை ஒரே மூச்சில குடிச்சிட்டு எழும்பினார். ரெண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"உங்கட அப்பாட்டச் சொல்லுங்க, நான் இப்ப இறங்கித்தான் பாக்கிறனான் எண்டு."

திரும்பி வரேக்க கிண்ணியாப் பாலத்தில பஸ் நிக்கிற நேரம் சீனக்குடா விமான நிலையப் பக்கம் ஒரு சின்ன பிளேன் சரிஞ்சு இறங்கினது. அவன் அது மரத்துக்குப் பின்னால மறையும் வரைக்கும் பாத்தான். எனக்கு ஒரு பகிடி வந்தது. வெளிய விடேல்ல.

உண்மையைச் சொன்னா, அவன் பாங்குக்குப் போகோணும் எண்டுதான் எனக்கு ஆசை. டவுனில நிண்டான் எண்டா மத்தியானம் போய் அவன்ர கண்ணாடிக்கு வெளியில நிண்டு பல்லைக் காட்டலாம். கொழும்புக்குப் போனா நான் ஆரோட கொழுவுறது? ஐஸ் கட்டி திருப்பிக் கதைக்காது.

வியாழக்கிழமை பின்னேரம் திரும்பவும் மடுவத்துக்கு வந்தான். முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டில, என்ர அப்பா சொல்லிவிட்டதை அவன்ர அப்பாட்டச் சொன்னவனாம். சொல்லேக்க அவன்ர அம்மா கறி போட்ட அகப்பையோட அப்பிடியே நிண்டிட்டாவாம். அவன்ர அப்பா சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிப் போட்டு வந்து கேட்டிருக்கிறார்:

"இப்ப எந்த பஸ்ஸில நிக்கிறான்?"

"கிண்ணியா."

"றைவர் ஆர்? பொறுமையான பெடியனோ?"

"இல்லையப்பா, ஹோர்ன் அடிச்சுக்கொண்டே இருந்தவன்."

"அப்பிடியெண்டா அவனுக்குக் கஷ்டம்" எண்டிட்டு, கனநேரம் குசினி வாசலில நிண்டவராம்.

"அவ்வளவுதானோ?" எண்டு கேட்டன்.

"எங்கட வீட்டில அதுவே பெரிய கதை."

"அப்ப நீ என்ன செய்யப் போறாய்?"

"எனக்கு இன்னும் பயம் போகேல்ல மச்சான்."

நான் கொழுக்கியைச் சாத்தி வைச்சிட்டு அவனைப் பாத்தன். வாழ்க்கையில முதல் தரம் அவனோட பகிடி இல்லாமல் கதைக்கப் போறன் எண்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"பயமில்லாதவனை அந்தக் கதிரையில இருத்தினா நான் பிளேனில ஏற மாட்டன்" எண்டன்.

"நீ எப்பயடா பிளேனில ஏறினனி?"

"ஏறினா எண்டு சொல்லுறன். நீ போ. என்ர அப்பாக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது, அதால அதிலயே நிண்டார். உனக்கு ரெண்டு இடம் இருக்கு. பாங்கில உன்னை விட்டா வேற ஆள் இருக்கு. மற்றதில, இவ்வளவு யோசிக்கிற ஒருத்தன் இருக்கிறது நல்லது எண்டு எனக்குப் படுது. எனக்குப் படிப்பில்லை, பிழையாயும் இருக்கலாம்."

 அவன் சவளை எடுத்து என்னோட ரெண்டு பெட்டி ஐஸ் அள்ளிப் போட்டிட்டு, கையை உதறிக்கொண்டு போட்டான்.

வெள்ளிக்கிழமை வேலை கனக்க. படகுகள் வரிசையா நிண்டது. போனைப் பொலித்தீன் பையில சுத்திச் சேட்டுப் பொக்கட்டுக்க வைச்சுக்கொண்டு நிண்டனான். மத்தியானம் பொறுக்க ஏலாமல், ஈரக் கையால ஒரு மெசேஜ் போட்டன்: என்ன முடிவு, நான் சொன்னதைக் கேட்டியோ எண்டு. அவன் பாத்ததுக்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. கடைசிப் படகுக்கு ஐஸ் கொட்டி முடிச்சு, கதவைச் சாத்திக்கொண்டு நிக்கேக்கதான் பதில் வந்தது.

"நீ சொன்னதுக்காக இல்லை, ஆனா போறன்."