நெற்றிக் கோட்டை அழிக்கப் பினாங்கு போன நாள்

முகச்சுருக்க ஊசிக்காகப் பினாங்குக்குப் போகலாமா என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நான் போயிருக்கிறேன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறுபதை நெருங்கிய வயதில். விலைகள் அந்தக் காலத்தவை. எச்சரிக்கைகள் இன்றைக்கும் பொருந்தும்.

காரணம் என் மகளின் கல்யாணம். நிச்சயதார்த்தப் படங்களில் என் புருவங்களுக்கு நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள் வெட்டியதுபோல் விழுந்திருந்தன. மாப்பிள்ளையின் தாயார் அதைப் பார்த்துவிட்டு, "உங்கட அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில விருப்பமில்லையோ?" என்று என் மகளிடமே கேட்டாராம். மகள் அழுதுகொண்டு வந்து சொன்னாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கான்வென்டில் முதுகை நிமிர்த்தி நிற்கக் கற்றுக்கொண்டவள் நான். யாரிடமும் போய் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை. விளக்கம் சொல்வதைவிடக் கோட்டை அழித்துவிடுவது சுலபம் என்று தோன்றியது.

வீட்டில் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று சொன்னேன். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. விதவை முகத்துக்கு ஊசி போடப் போனாள் என்றால் ஈப்போவில் எங்கள் யாழ்ப்பாணச் சனம் அதை இலேசில் விடாது. மருத்துவரையும் யோசித்தே தேர்ந்தெடுத்தேன். நம்மவராக இருந்தால் முதல் கேள்வி "யாழ்ப்பாணத்தில எந்த ஊர்?" என்பதாக இருக்கும், இரண்டாவது கேள்விக்குள் நான் யாருடைய மனைவி என்று தெரிந்துவிடும். ஆகவே ஒரு சீனப் பெண் மருத்துவர், தோல் சிகிச்சை நிபுணர்.

காலை ஏழு மணி பஸ். ஈப்போவிலிருந்து, தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். பத்து மணிக்கு முன்னே இறக்கிவிட்டான். அங்கிருந்து ஃபெர்ரி. தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம், அப்போது நாற்பது காசு. இருபது நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றில் கண் கூசி நெற்றி சுருங்கும் ஒவ்வொரு தடவையும் விரலால் நீவிக்கொண்டேன்.

துறையிலிருந்து கிளினிக்குக்கு டாக்சி ஐந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். மீட்டர் போடமாட்டார்கள், ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். மருத்துவர் என்னைவிட இருபது வயது இளையவர், நிதானமாகப் பேசினார். எல்லாம் ஆங்கிலத்தில். அன்று கையிலிருந்த மருந்து கொலாஜன். பள்ளமான கோட்டின் கீழே செலுத்தினால் தோல் மேலெழும், சில மாதங்களில் கரைந்துவிடும், மறுபடியும் போடவேண்டும் என்றார். பிறகு கேள்விகள். அதில் ஒன்று, மாட்டிறைச்சி எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது.

பிறந்ததிலிருந்து தொட்டதே இல்லை, ஆகவே ஒவ்வாமைக்கு இடமே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அப்படியானால் உங்களுக்கே தெரியாது என்றுதான் அர்த்தம்" என்றார். மருந்து மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. முதலில் முன்கையில் துளி போட்டு நான்கு வாரம் பார்க்கவேண்டும். சிலருக்குச் சிவந்து வீங்கும். அதோடு, புருவ நடு ஆபத்தான இடம். இரத்தக்குழாயில் மருந்து அடைத்தால் தோல் கருகும், அரிதாகப் பார்வையே போகலாம் என்றார். எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் மாடும் நான்கு வாரமும்தான். ஆலோசனைக்கு நாற்பது வெள்ளி கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கைப்பையில் இன்னொரு முகவரி இருந்தது. ஈப்போ கோயிலில் ஒரு பெண் கொடுத்தது, லிட்டில் இந்தியாவில் ஒரு அழகு நிலையம். கான்வென்டில் படித்தவள் அங்கெல்லாம் போவாளா என்று காலையில் நினைத்திருந்தேன். மதியம் பன்னிரண்டரைக்கு அதன் மரப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன்.

நடத்தியவர் பெயர் மல்லிகா. நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல வாய். நான் மாட்டுச் சமாசாரத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அக்கா, நம்மளுது சுத்த சைவம். மாடு கீடு ஒண்ணும் இல்ல, சிலிக்கான். டாக்டருங்க ஒரு மாசம் காயப் போடுவாங்க. இங்க அரை மணி நேரம்தான்லா. மகள் கல்யாணத்துல உங்களத்தான் பொண்ணுன்னு நெனப்பாங்க."

நாற்காலியைச் சாய்த்தார். புருவ நடுவில் பஞ்சால் துடைத்தார், ஸ்பிரிட் குளிர்ந்தது. கோடு போகப்போகிறது என்ற சந்தோஷமும் பயமும் சேர்ந்து என் கை கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது. அவர் ஊசியில் மருந்தை இழுப்பதைப் பார்த்தேன். கண்ணாடிப் போத்தல். பெயரில்லை, முத்திரையில்லை. சமையலறையில் எண்ணெய்ப் போத்தலுக்குக்கூடப் பெயர் ஒட்டி வைப்பவள் நான்.

"இது கரையுமா?" என்று கேட்டேன்.

"கரையாது அக்கா. ஒரு தடவ போட்டா சாகுற வரைக்கும் அப்படியே இருக்கும்."

அதை அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். ஊசியோடு என் மேல் குனிந்தபோது ஜன்னல் வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. பவுடருக்கு அடியில் கடலைப் பருப்பு அளவில் இரண்டு மூன்று மேடுகள். இது என்ன என்று கேட்டேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"அது மொதல்ல போட்டது. அப்ப சாமான் சரியில்ல."

"எடுத்துவிடலாமே?"

"கேட்டுப் பாத்தேன். வெட்டித்தான் எடுக்கணும், அதுவும் முழுசா வராதுன்னுட்டாங்க." பிறகு சட்டென்று பழைய குரலுக்குத் திரும்பினார். "இப்ப வர்ற சாமான் வேற அக்கா. படுங்க."

நான் எழுந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை, படிவரை வந்து வேறு நாள் வரச் சொன்னார். கீழே தெருவுக்கு வந்தேன். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்தேன். கோடு அங்கேயேதான் இருந்தது. கல்யாணம் மூன்று வாரத்தில். மகள் போய் வாழவேண்டிய வீட்டில் என்னைப் பற்றிய அந்தக் கேள்வியும் அப்படியே இருந்தது.

மாப்பிள்ளை வீடும் அதே தீவில்தான், பாயான் பாருவில். டாக்சி பதினைந்து வெள்ளி, பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவது எங்களில் பெரிய பிழை. வழியில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன்.

இரும்புக் கதவின் உள்ளே மாப்பிள்ளையின் தாயார் நின்றார், வெளியே நான். உள்ளே வரச் சொல்லுமுன்னே சொல்லிவிட்டேன்: "எனக்கு இந்தச் சம்பந்தத்தில முழு விருப்பம். என்ர முகம் சும்மாவே இப்பிடித்தான்."

பூட்டைத் திறந்தபடியே அவர் கேட்டார். "இதைச் சொல்லவோ ஈப்போவில இருந்து வந்தனீங்கள்?"

நேர்த்தி என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. "இல்லை. கோட்டை எடுக்க ஊசி போட வந்தனான். போடேல்லை."

 அவர் தன் வாயோரத்து மடிப்பைத் தொட்டுக்கொண்டு, "இதுக்கும் போடுவினமோ?" என்றார்.

மருந்து எதிலிருந்து வருகிறது என்று சொன்னேன். "சிவ சிவா" என்று கையை எடுத்துவிட்டார். பிறகு சிரித்தார், நானும் சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். "சம்பந்தி, இப்பவும் கோவம்போலத்தான் கிடக்கு" என்றார்.

நான்கு மணிக்கு வடையும் தேத்தண்ணியும் தந்தார், பிறகு அவர் மகனே காரில் ஃபெர்ரிக்குக் கொண்டுவந்து விட்டான்.

இப்போது போகிறவர்களுக்கு. நான் இன்றுவரை போட்டுக்கொள்ளவில்லை, போட்டுக்கொள்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். மருந்துகள் இன்று மேம்பட்டிருக்கின்றன: தசையைத் தளர்த்தும் போடோக்ஸ் மூன்று நான்கு மாதத்தில் தானே விட்டுப்போகிறது, ஹயலுரானிக் வகை நிரப்பு ஊசி பிடிக்காவிட்டால் அதைக் கரைக்க மாற்று ஊசி உண்டு. ஆனால் பதிவுபெற்ற மருத்துவரிடம் மட்டும் போங்கள். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முந்திய வாரம் வேண்டாம், வீங்கினாலும் கன்றினாலும் வடிய நாளாகும். போட்டபின் தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஊர் திரும்பக் காத்திராமல் அங்கேயே உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னே, போடுபவரிடம் ஒன்று கேளுங்கள்: தவறிப்போனால் இதை வெளியே எடுக்க முடியுமா? நேரான பதில் வரும்வரை நாற்காலியில் சாயாதீர்கள்.