நாலு வாசல் வைத்த வாத்து வீடு

ஈரமான சிமெண்டுத் தரையில் வாத்து நடந்தால் 'சளப் சளப்' என்று ஒரு சத்தம் வரும். செருப்பில்லாமல் யாரோ அவசரமாக நடப்பது போலவே இருக்கும். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஆனி மாதம் முழுக்க, திருத்தங்கலில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் அந்தச் சத்தம் ஓயவேயில்லை. வெம்பக்கோட்டை அணையில் அந்தக் கோடையிலும் தண்ணீர் கிடந்தது. அங்கே வாத்து மேய்க்க வந்திருந்தவர்களிடம் என் மாமா மூன்று வாத்துகளை வாங்கி, சாக்கில் ஓட்டை போட்டுத் தலைகளை மட்டும் வெளியே விட்டு, பைக்கில் தொங்கவிட்டபடி வந்து இறக்கினார். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் வாத்து வளர்ப்பதைப் போன்ற கிறுக்குத்தனம் வேறு இல்லை என்று அம்மா அன்றே சொல்லிவிட்டார். சொன்ன வாயோடு, பாத்திரம் கழுவிய தண்ணீரை அவற்றுக்கென்று ஒரு தொட்டியில் சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டார்.

கோழியைத் தவிர வேறெதையும் வளர்த்துப் பழகாத வீடு எங்களுடையது. அதனால் முதலில் கோழி கவிழ்க்கும் 'பஞ்சாரத்தை'யே வாத்துகள் மேலும் கவிழ்த்தோம். கோழி இருட்டியதும் அடங்கிவிடும், இவை அடங்கவில்லை. கூடைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தன, ஒன்றின் கழுத்தை ஒன்று மிதித்தன, விடிவதற்குள் கூடையையே இரண்டடி நகர்த்தியிருந்தன. இவற்றுக்கு ஒரு வீடு கட்டித்தான் ஆக வேண்டும் என்று நான் அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன்.

அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் 'போர்மேன்'. சிரிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் உட்காரத் தெரியாதவர். சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்தவைத்து, எந்த நேரமும் எழுந்து ஓடப் போகிறவர் போலத்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்லை அடுக்கத் தொடங்கியவர் அடுத்த ஞாயிறு மதியம் முடித்தார். வாத்து ஏறாது என்பதால் தரையோடு தரையாக, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு அறை. கீழே ஆற்று மணல். அச்சாபீசில் பழசாகிப் போட்ட தகடுகளால் கூரை, சூடு இறங்காமலிருக்க அதன்மேல் பனையோலை. குனிந்து உள்ளே பார்த்தால் தகடுகளில் யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரரின் காலண்டர் மங்கலாகத் தெரியும். எல்லாம் அழகாகத்தான் வந்தது. ஆனால் நாலு பக்கமும் நாலு வாசல் வைத்து, நாலுக்கும் வெளிப்பக்கம் திறக்கிற பலகைக் கதவு போட்டார். ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

எங்கள் ஊரில் பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அறைகளை அப்படித்தான் கட்டுவார்கள். எந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் அடுத்த பக்கம் ஓட வேண்டும். தள்ளியதும் கதவு வெளியே போக வேண்டும். அப்பாவின் கைக்கு வேறு மாதிரி கட்ட வரவில்லை போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மாரியக்கா மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு இந்தக் கட்டடத்தை வாரம் முழுக்க வேடிக்கை பார்த்தார். அவருடைய வீட்டுக்காரர் அப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே நடந்த விபத்தில் செத்துப்போனார். அதன்பிறகு மாரியக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் ஒற்றை மகளை வளர்த்து வந்தார். யாரையும் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது; செத்தவரையும் சேர்த்துத்தான் கேலி செய்வார்.

"ஏண்ணே, வாத்துக்கு எதுக்கு நாலு வாசலு? நாலு வாசலு வச்ச ரூம்ல இருந்த எங்க வீட்டு ஆளே வெளிய வரல. இதுகளா வரப்போகுது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சாந்து காய்ந்துபோகும்வரை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஆனிக் காற்று எங்கள் பக்கம் ஆளையே தள்ளும். வாத்து வீட்டின் நாலு கதவுகளும் படார் படாரென்று அடித்துக்கொண்டே கிடந்தன. ஒவ்வொரு அடிக்கும் வாத்துகள் கத்தின; ஒரு முட்டை கிடையாது; எனக்கும் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. தாழ்ப்பாள் போடச் சொல்லி அம்மாவும் கேட்டார், நானும் கேட்டேன். "போடலாம், போடலாம்" என்றே நாளைக் கடத்தினார். ஒரு விடிகாலையில் கீரி உள்ளே புகுந்து ஒரு வாத்தின் தொண்டையைக் கடித்துப் போட்டுவிட்டது. அப்பாமேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. தீபாவளி 'சீசன்' வேலைக்கு அவர் கம்பெனி வேனில் ஏறிப் போனதும், சணலை எடுத்து மூன்று கதவுகளை இழுத்துக் கட்டினேன். நாலாவது கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் திரும்பியவர் பின்பக்கம் கைகழுவ வந்தார். சணலைப் பார்த்தார். கன்னத்தில் விழுந்த பிறகுதான் அவர் அடித்தது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. கல்லைக் காலால் தள்ளிவிட்டு, முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்தார். அதைப் பார்த்து என் அழுகை நின்றுபோனது.

"கட்டாட்டி மிச்ச ரெண்டையும் கீரி தின்னுரும்ப்பா."

"தெரியும் தாயி. தெரியும்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அம்மா தெருக்குழாயில் வரிசையில் நின்றிருந்தார். அப்பா என்னிடம் சொன்னாரா, வாத்துகளிடம் சொன்னாரா என்று தெரியாத குரலில் சொன்னார்:

"அன்னைக்கும் இதே காத்துதான். கதவு அடிச்சுக்கிட்டே இருக்கு, மருந்து பறக்குது, அந்தப் பக்கத்த இழுத்துக் கட்டிட்டுப் போன்னு மாரி வீட்டுக்காரன் சொன்னான். கட்டிட்டு நான் லோடு இறக்கப் போயிட்டேன். மத்தவுக இந்தப் பக்கம் ஓடியாந்துட்டாக. அவன் அந்தப் பக்கம் ஓடியிருக்கான்."

பிறகு, "சணலு பாதி எரிஞ்சு கொக்கியில தொங்குச்சு. நான்தான் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். ஒருத்தரும் பாக்கல" என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் மாரியக்கா மகளைத் திட்டிக்கொண்டே தலை பின்னிவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வாசல்களையும் அப்பாவே செங்கல் வைத்து அடைத்தார். மிஞ்சிய ஒன்றுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து, திருகி முடித்து, என்னைக் கூப்பிட்டார். "நீ போடு தாயி. எனக்கு ஆகாது" என்றார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் தாழ்ப்பாள் போடுவது என் வேலை. நான் போடும்போது அவர் வீட்டுக்குள் போய்விடுவார். விடிந்து நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போது எனக்கு முன்பே அந்தக் கதவருகில் நிற்பார். "தொறந்துரு, தொறந்துரு" என்பார். மாரியக்கா மதில்வழியாகப் பார்த்து, "இப்பத்தான்ணே வாத்து வீடு கணக்கா இருக்கு" என்று மெச்சிக்கொண்டார். வாத்துகள் அடங்கின, முட்டையும் இட்டன. முதல் முட்டையை அப்பா மாரியக்கா வீட்டுக்குத்தான் கொடுத்துவிட்டார்.

மறுகோடையில் தண்ணீர்க் கஷ்டம் தாங்காமல் வாத்துகள் மாமாவோடு போயின. வாத்து வீட்டை இடித்த இடத்தில் இப்போது போர் போட்டு மோட்டார் ஓடுகிறது. நடுவிலிருந்த மதில் உயர்ந்துவிட்டது. தாடையை வைத்துப் பேச முடியாது. அப்பாவும் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா மட்டும் இல்லைன்னா எம்மகளக் கரையேத்தியிருக்க மாட்டேன்" என்று அழுகிறார். இந்தமுறை சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறும்போதெல்லாம் நினைக்கிறேன். காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

மாரியக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேத்தி நன்றாகப் படிக்கிறாள், கையில் கிடைத்ததையெல்லாம் தனக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்று போனமுறை அவர் பெருமையோடு சொன்னது, இந்த வரிக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. கிழித்துப் போடத் தோன்றவில்லை.