இரவல்கார நெரிடா

பிம்பாரூ வட்டாரத்தில் ஒரு வீட்டு ஏணி அந்த வீட்டிலேயே இருந்தால், அந்தக் குடும்பத்தோடு ஊருக்கு ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். ஏணி அடுத்த பண்ணையில் இருக்கும். அடுத்த பண்ணையின் மண்வெட்டி அதற்கும் அடுத்ததில் இருக்கும். அவர்களுடைய கேக் டின் எங்கே என்று கர்த்தருக்கே தெரியாது. தேவாலயக் கூரையை மாற்றியபோது யாரோ இரவல் கொடுத்த சுத்தியல் ஒன்று இன்னும் பீடத்துக்கு அடியில் கிடக்கிறது. புதிதாக வந்த பாதிரியார் அதை ஏதோ புனிதப் பொருள் என்று நினைத்து வாராவாரம் துடைத்து வைக்கிறார்.

இந்த நல்ல பழக்கத்தை ஊரில் பரப்பியவள் நெரிடா டல்லக். கடற்கரைப் பட்டணத்தில் பிறந்தவள். கோதுமைக்காரன் டெஸ்மண்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கியபோது, சன்னலுக்கு வெளியே அசைந்த ஒரே பொருள் காற்றாலைதான். பக்கத்து வீடு பதினேழு கிலோமீட்டர். சும்மா போய்க் கதவைத் தட்டினால், "யார் செத்தது?" என்று கேட்கிற சனம். ஆண்கள் அதைவிட மோசம். வேலிக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஒருவன் "வெயில்தான்" என்பான், மற்றவன் "வெயில்தான்" என்பான். மனம்விட்டுப் பேசிய திருப்தியோடு இருவரும் வீடு திரும்புவார்கள்.

நெரிடா ஆறு மாதம் காற்றாலையோடு பேசிப் பார்த்தாள். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவே, வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் மாவுச் சல்லடை ஒன்று இரவல் கேட்டாள். சல்லடை கிடைத்தது, தேநீர் கிடைத்தது, ஊர்வம்பு தாராளமாகக் கிடைத்தது. சல்லடையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டு வாங்கிப் போக அவர்கள் வர வேண்டியிருந்தது. வந்தவர்களுக்கும் தேநீர், வம்பு. அவர்கள் போகும்போது சல்லடைக்குப் பதிலாக இவளுடைய காய்கறித் துருவியோடு போனார்கள். அன்று பிடித்த நோய் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. பள்ளி வண்டி ஓட்டிய காலத்தில் அவள் இரவல் கேட்காத வாசல் ஒன்றுகூட இல்லை. வீட்டில் ஆறு சல்லடை சேர்ந்தன. அவள் சுடுகிற கேக்கைப் பார்த்தால் அது மட்டும் நம்ப முடியாது.

மழை பொய்த்த மூன்றாம் வருடம். மழைமானிக்குள் குடியேறிய சிலந்தி பேரன் பேத்தி எடுத்துவிட்டது. ஒரு நாள் காலை பக்கத்துப் பண்ணைக்காரன் கிளெம் ரடக் தன் வண்டியில் வந்து இறங்கினான். அவன் மனைவி ஐலீன் பிரிந்து நகரத்துக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. ஆடுகளில் பாதிக்கு மேல் விற்றுவிட்டான். வண்டியிலிருந்து நெரிடாவின் நீள ஏணியை இறக்கினான். பிறகு இரும்புச் சங்கிலி, கம்பம் அடிக்கும் இரும்பு, சாணை பிடித்த ரம்பம். கடைசியாக, எந்தக் கிறிஸ்துமஸுக்கோ போன கேக் டின், பளபளவென்று கழுவி.

"என்னடா கிளெம், ஞானஸ்நானம் எடுத்துட்டியா?" என்றாள் நெரிடா.

"உன் சாமான்தான நெரிடா. உன்கிட்டயே இருக்கட்டும்."

"டீ போடறேன், உள்ள வா."

"இல்ல, இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

சிரித்துவிட்டுப் போனான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஏணியைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் இன்னொரு பண்ணையிலிருந்த வெண்டியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வெண்டி, கேட்டியா அதிசயத்த? என் ஏணி உயிர்த்தெழுந்து வந்துருச்சு!"

"உன் ஏணி மட்டுமா? என் தள்ளுவண்டி நேத்தே வந்துருச்சு. சக்கரத்துக்கு எண்ணெய்கூடப் போட்டுருக்கான்டி."

இருவரும் சிரித்தார்கள். அடுத்து கெர்டா வீட்டுக்கு அடித்தாள். அங்கேயும் கிளெம் வந்து போயிருந்தான். அவர்களும் சிரித்தார்கள். நான்காவது வீட்டுக்கு எண்ணைச் சுழற்றும்போது டெஸ்மண்ட் உள்ளே வந்தான். பின்னால் கிளெமின் ஆட்டுநாய் டஃபி, வாலைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு.

"நம்ம கேட் பக்கத்துல கிளெம் நின்னான். இவன வச்சுக்கன்னு சொல்லிட்டான். எனக்கு இனிமே இவன்கிட்ட வேலை இல்லங்கறான்" என்றான் டெஸ்மண்ட்.

நெரிடா தொலைபேசியைக் கீழே வைத்தாள். சாமானைத் திருப்பிக் கொடுப்பவனைக் கேலி செய்யலாம். நாயைக் கொடுப்பவனை? தன்னைத் தேடி வர எந்த வீட்டுக்கும் ஒரு காரணத்தைக்கூட மிச்சம் வைக்காமல் வட்டாரத்தையே அவன் துடைத்துக்கொண்டு போகிறான். இவளும் மற்றவர்களும் போன் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வண்டிச் சாவி எங்க?"

"போய் என்னன்னு கேப்ப?"

"தெரியல டெஸ்."

போன வருடம் கால்பந்துக் கிளப் அறையில் மருத்துவமனைச் செவிலி ஒருத்தி வந்து மனம் உடைந்தவர்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினாள். நெரிடா முட்டை சாண்ட்விச்சுக்காகத்தான் போயிருந்தாள். சாண்ட்விச்சைத் தவிர அவளுக்கு நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று. சந்தேகம் வந்தால் நேராகக் கேட்டுவிடு, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக யாருக்கும் வந்துவிடாது.

கிளெம் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பெருக்கிய தரைதான்.

"இப்ப என்ன வேணும் உனக்கு? சல்லடையா?"

முப்பது வருடமாக எந்த வாசலிலும் திக்காத நாக்கு அன்று திக்கியது. வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிளெம், செத்துப் போயிடலாம்னு நெனக்கிறியா?"

துடைப்பம் நின்றது. மேலே தகரக்கூரை வெயிலில் ஒரு முறை சடசடத்தது.

"ஆமா" என்றான்.

அப்படியே கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தான். அவள் இன்னொரு வாளியைத் தேடி எதிரில் உட்கார்ந்தாள். அவன் பேசினான். தூக்கம் வராத இரவுகள், ஆடுகளை ஏற்றிவிட்ட நாள், ஐலீன் இல்லாத சமையலறை, யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்ற நினைப்பு. முன்னுக்குப் பின் முரணாக, பாதி வாக்கியம் வாக்கியமாக. நெரிடா ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. டெஸ்மண்ட் இன்றுவரை இதை நம்பவில்லை.

அவன் ஓய்ந்த பிறகு அவள் கையை நீட்டினாள். "துப்பாக்கி அலமாரிச் சாவியக் குடு."

"எத்தன நாளைக்கு?"

"நான் எதையாவது திருப்பிக் குடுத்து நீ பாத்துருக்கியா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இடுப்பு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அங்கிருந்தே மருத்துவமனைக்குப் பேசினாள். உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். டெஸ்மண்ட் வந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனான். நெரிடா கிளெமை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு ஓட்டினாள்.

பாதி வழியில், என்ஜின் அலறிக்கொண்டிருக்க, கிளெம் வாய் திறந்தான். "இந்த வண்டியில மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"பள்ளி வண்டியில பிள்ளைங்க யாரும் குறை சொன்னதில்ல."

"பயத்துல வாய் வந்திருக்காது."

மருத்துவமனையில் செவிலி அவளைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றாள்.

"பக்கத்து வீடு."

"எவ்வளவு பக்கம்?"

"பதினேழு கிலோமீட்டர்."

"காத்து எங்க பக்கம் அடிச்சா இவ பேசறது எங்க வீட்டுல கேக்கும்" என்றான் கிளெம், செவிலியிடம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நெரிடா அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் கதவருகே நின்றான். "நேரமாகுமாம். நீ இருப்பியா?"

"எனக்கென்ன வேலை? இருக்கேன், போ."

உள்ளே போகும் முன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவள் அங்கே கிடந்த ஒரே பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.