குருக்களைத் திட்டினால் என்ன ஆகும்

ஆறாம் வகுப்பில் எங்களுக்குப் பழைய கிரேக்கப் போர்க்காவியம் ஒன்றைச் சுருக்கிப் பாடமாக வைத்திருந்தார்கள். கோபக்கார அரசன் ஒருவன் பூசாரியைத் திட்டி விரட்டுகிறான். பூசாரி வாய் திறக்காமல் கடற்கரைக்குப் போய் முறையிட, தெய்வம் இறங்கி வந்து கொள்ளைநோயை அம்பு அம்பாக எய்கிறது. முதலில் நாய்கள், பிறகு மனிதர்கள். படித்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சனிக்கிழமை, புது காருக்குப் பூஜை போட, நாங்கள் குடியிருந்த கேட்டி என்ற ஊரிலிருந்து கோயிலுக்குப் போனோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு டெக்சஸ் வெயிலில் நின்றோம். குருக்களோ எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிக்கு முதலில் கற்பூரம் காட்டிவிட்டார். அவ்வளவுதான்.

"நாங்க என்ன வேலைவெட்டி இல்லாமலா நிக்கறோம்? உங்க பூஜையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று பார்க்கிங் முழுக்கக் கேட்கும்படி அப்பா கத்தினார். குருக்கள் ஒரு வார்த்தை பேசாமல் தட்டோடு உள்ளே போனார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்படியே கதை!

சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. பயம் ஒரு பக்கம், படித்தது நடக்கிறதே என்ற குஷி ஒரு பக்கம்.

"அப்பா, யூ ஹேவ் டு சே சாரி டு ஹிம்" என்று அழுதேன்.

"சும்மா இருடி. டேகேர்ல எல்லாக் குழந்தைக்கும் ஜுரம்" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. பாடத்தை அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். எப்போதும் எரிந்து விழுகிறவர் கடைசிவரை கேட்டார்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத அப்பா, குருக்கள் முன்னால் கைகூப்பி நின்று ஏதோ சொன்னார். குருக்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அர்ச்சனை. சங்கல்பத்தில் ஊரிலிருக்கும் தாத்தாவின் பெயரைச் சொன்னார்கள். காய்ச்சல் தம்பிக்கு, பெயர் தாத்தாவுடையதா? பெரியவர்கள் இதில்கூடவா தப்புச் செய்வார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

அன்றிரவே தம்பிக்கு ஜுரம் விட்டது. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, தெய்வத்தின் அம்பைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த வாரம் தாத்தா திருச்சியில் ஐசியூவில் கிடந்தார். விசா சிக்கலில் அப்பாவால் கிளம்ப முடியவில்லை. இதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தம்பி பிழைத்துவிட்டான் என்று அன்றைக்குக் குதித்துக்கொண்டிருந்தவளுக்கு, அப்பா யாருடைய உயிருக்காக அங்கே கெஞ்சினார் என்பது தெரியவில்லை.