வீட்டுக்குள் டிக்கெட் பரிசோதனை

அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோய் முற்றியபின் அவ்வப்போது இல்லாத பூனை ஒன்று மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியும். அம்மா அதைக் கண்டுகொள்வதில்லை.

போன வாரம் திடீரென்று, கூடத்துக் காலி நாற்காலிகளிடம் டிக்கெட் கேட்க ஆரம்பித்தார். வேலைக்குக் கிளம்பிய என்னையும் மறித்தார்.

"தூக்கக் கலக்கம்மா," என்றேன் எரிச்சலாக.

"பூனைன்னா பரவாயில்லடி. ஒரே நாள்ல பஸ் நிறைய ஆளுன்னா விஷயம் வேற. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு!"

அம்மா சொன்னதுதான் சரி. சிறுநீரில் கிருமித்தொற்று, அதுதான் மூளையைக் குழப்பியிருந்தது. நான்காம் நாள் அப்பா தெளிந்தார்.

"பயணிங்கல்லாம் எங்க சார்?" என்றார் டாக்டர்.

"இறங்கிட்டாங்க." அம்மாவைக் காட்டினார் அப்பா. "நாப்பது வருஷமா டிக்கெட் எடுக்காம கூடவே வர்றது இவ ஒருத்திதான்."